கழுதையை விட்டு இறங்கிய ராஜா

என் மகன் மன்னிப்புக் கேட்கவில்லை. இனிமேல் கேட்கப் போவதுமில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் இந்தக் காரியத்தைப் பற்றிப் பேச்செடுக்கிறவர்கள் யாரும் என்ன நடந்தது என்று கேட்பதில்லை. "பையன் மன்னிப்புக் கேட்டானா, இல்லையா?" என்று மட்டும் கேட்கிறார்கள். அதற்குப் பதில் சொல்லியாயிற்று. இனி நடந்ததைச் சொல்லலாம்.

நான் கோவில்பட்டியில் ஒரு தொடக்கப் பள்ளியில் ஆசிரியை. கணவர் ரயில்வே கூட்ஸ் ஆபீசில் குமாஸ்தா. எங்களுக்கு ஒரே மகன். அவன் எஸ்.எஸ்.எல்.சி. தேறி, மிஷன் நடத்திய ஆசிரியப் பயிற்சிப் பள்ளிக்கு மனுப் போட்டிருந்தான். இடம் உண்டு என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் சபை வட்டாரமான சேகரத்தின் ஐயர் நடத்தைச் சான்றிதழ் கொடுக்க வேண்டியது மட்டும் பாக்கி. எங்கள் சபைகளில் போதகரை ஐயர் என்றுதான் சொல்லுவோம். சான்றிதழில் கையெழுத்து ஐயருடையது என்றாலும், சபைக் கமிட்டி சரி என்று சொன்னால்தான் அவர் பேனாவைத் திறப்பார். ஈஸ்டர் முடிந்ததும் தருகிறேன் என்று சொல்லியிருந்தார்.

கரிசல் காட்டில் பிள்ளை பெற்றவர்களுக்கு என் கவலை புரியும். மழை பெய்தால் பருத்தி. பெய்யாவிட்டால் தீப்பெட்டி ஆபீஸ். படித்த பையனுக்கு வேறு வழி ஒன்று உண்டென்றால் அது வாத்தியார் வேலை. அவனை அதில் ஏற்றிவிட்டால் என் நெஞ்சுப் படபடப்பு நின்றுவிடும் என்று நம்பியிருந்தேன். சிறு வயதிலிருந்தே அவனுக்குப் பஞ்சுத் தூசி ஆகாது. இருமல் பிடித்தால் லேசில் விடாது. அதனால் பஞ்சும் வேண்டாம், மருந்து முக்குகிற தீக்குச்சியும் வேண்டாம், சாக்கட்டியோடு போகட்டும் என்று இருந்தேன்.

அந்த வருஷம், ஈஸ்டருக்கு முந்தின குருத்தோலை ஞாயிற்றுக்கு அவனை ராஜாவாகத் தேர்ந்தெடுத்தார்கள்.

எங்கள் சபையில் அது ஒரு வழக்கம். திடப்படுத்தல் பெற்று முழு உறுப்பினரான இளைஞர்களில் ஒருவனுக்கு வெள்ளை அங்கியும் சிவப்புச் சால்வையும் போட்டு, கழுதைமேல் உட்கார வைப்போம். கோயிலில் புறப்பட்டு, கடைவீதியைச் சுற்றி, பனங்குருத்தை ஆட்டி, ஓசன்னா என்று துதி பாடித் திரும்பக் கோயிலுக்கு வருவோம். கர்த்தர் தாழ்மையுள்ள ராஜாவாகக் கழுதையில் வந்தார் என்பதை ஊருக்குக் காட்டுவதற்காக. ஆனால் ராஜாவாக ஏறுவது எங்கள் ஊரில் தாழ்மையான காரியம் இல்லை. பெரிய கௌரவம். "ராஜாவா ஏறினவன் எவன்ல வேலையில்லாம இருக்கான்?" என்று சொல்லுவார்கள். ஏறியவர்களில் ஒருவர் தலைமையாசிரியர். ஒருவர் தாலுகா ஆபீசில் இருக்கிறார். என் மகன் பெயரைக் கமிட்டி சொன்னபோது, சான்றிதழ் கைக்கு வந்துவிட்டது என்றே நான் நினைத்தேன்.

கழுதை எங்களுடையது இல்லை. எங்கள் தெருவுக்கும் இன்னும் பல தெருக்களுக்கும் துணி வெளுக்கிற அம்மாளுடையது. வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும். இரண்டு கழுதைகள் வைத்திருந்தாள். முந்தின கோடையில் ஒன்று செத்துப் போனது. சனிக்கிழமை பொழுது சாயும்போது கோயிலில் மணி அடிக்கிறவர் போய் அவள் வாசலிலிருந்து கழுதையை அவிழ்த்து வருவார். சோப்புப் போட்டுக் குளிப்பாட்டி, ராத்திரி முழுக்கக் கோயில் வளவில் கட்டிப் போடுவார்கள். ஞாயிறு மத்தியானத்துக்கு மேல்தான் அது அவளிடம் திரும்பிப் போகும்.

அந்தச் சனிக்கிழமை அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். அங்கியை வெளுத்துக் கஞ்சி போட்டுத் தேய்த்துக் கொடுத்தது அவள்தான்.

"டீச்சரம்மா, ராஜா சட்டை கொண்டாந்திருக்கேன். கஞ்சி கொஞ்சம் கூடிப்போச்சு. ராஜா குனிய முடியாது, பாத்துக்கிடுங்க" என்றாள்.

என் மகன் அங்கியை வாங்கிக்கொண்டு, "கழுத எங்க?" என்று கேட்டான்.

"அத அப்பமே பிடிச்சுட்டுப் போயிட்டாவல்லா."

"ஒங்ககிட்ட கேட்டாவளா?"

"கேக்காம என்ன? 'ஏட்டி, அவுத்துட்டுப் போறோம்'னு சொல்லிட்டுத்தான அவுத்தாவ."

"இதுக்குப் பேரு கேக்கதா?"

"எங்களுக்கு அதுதான் தம்பி கேக்கது."

"நாளைக்கு மூட்டைய எப்படிக் கொண்டு போவிய?"

"தல எதுக்கு இருக்கு? பேன் வளக்கதுக்கா?" என்று சொல்லி அவளே சிரித்தாள்.

சிரித்தாளே தவிர, விஷயம் சிரிப்பாக இல்லை. பங்குனித் திருவிழா நெருங்கிக் கொண்டிருந்தது. ஊரில் இருக்கிற திரைச்சீலையும் ஜமுக்காளமும் வேட்டியும் சேலையும் ஒரே நேரத்தில் அவள் வீட்டு முற்றத்தில் வந்து குவிந்திருந்தன. பக்கத்து ஊருணி வறண்டுவிட்டது. ஊருக்கு வெளியே கண்மாய்க் கிடங்குப் பள்ளத்தில்தான் கொஞ்சம் தண்ணீர். வருஷத்திலேயே அவளுக்குச் சுமை கூடுதலான நாளாகப் பார்த்து நாங்கள் அவளுடைய கழுதையை எடுத்துக்கொள்கிறோம். ஈஸ்டரும் பங்குனித் திருவிழாவும் முன்னே பின்னே வருவதால் வருஷா வருஷம் அப்படித்தான். எங்களில் ஒருவருக்கும் அது தோன்றியதில்லை. எனக்கும் தோன்றியதில்லை.

அவள் போனதும் மகன் அங்கியை வைத்துவிட்டு, தன் சட்டையை மாட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனான். கழுதையை விட்டுவிட்டு நடந்தே பவனி போகலாமா என்று கேட்டிருக்கிறான். கமிட்டியில் மூத்தவர் அங்கே இருந்தார். தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருந்தவர். கெட்ட மனுஷர் என்று சொல்ல மாட்டேன். கோயில் முன்மண்டபம் அவர் கட்டிக் கொடுத்தது. அவர் ஆபீசில் வேலை செய்யும் பெண்களுக்குக் காய்ச்சல் என்றால் தன் வண்டியைக் கட்டி ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார். அவர் சொன்ன பதில் இதுதான்: "ராஜா நடந்தா போவாரு? போலே, போயி வசனத்தப் பாடம் பண்ணு."

மறுநாள் காலையில் பவனி புறப்பட்டது. மூத்தவர் முன்னால் குருத்தோலையோடு நடந்தார். பிறகு பாடுகிறவர்கள். நடுவில் ராஜா. ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நான் பின்னால் வந்தேன். கஞ்சி விறைத்த அங்கியில் என் மகன் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். கழுதை முதுகில் மூத்தவர் வீட்டுப் பட்டு விரித்திருந்தது. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

பாய் ஒருவர் வைத்திருந்த ஜவுளிக்கடையைத் தாண்டும்போது அந்த அம்மாள் எதிரே வந்தாள். தலையில் மலை மாதிரி மூட்டை. கழுத்து உள்ளே இறங்கிப் போயிருந்தது. மேலே இருக்கும் பாரம் சரிந்துவிடக் கூடாதே என்று தெருவை மட்டும் பார்த்து நடந்து வந்தாள். எங்களைப் பார்க்கவே இல்லை. ஆனால் கழுதை அவளைப் பார்த்துவிட்டது. சட்டென்று நின்றது. காதைத் திருப்பியது. பிறகு ராஜாவையும் சுமந்துகொண்டு, பாடுகிறவர்களை விலக்கிக்கொண்டு நேராக அவளிடம் போனது.

"ஏட்டி! ஓரமாப் போ! கழுதயக் கூப்பிடுதியோ?" என்று மூத்தவர் சத்தம் போட்டார்.

"நான் எங்க சாமி கூப்பிட்டேன்? அது தன்னால வருது" என்று அவள் பதறி ஒதுங்கப் பார்த்தாள். ஒதுங்க இடமில்லை. ஒரு பக்கம் சாக்கடை, மறுபக்கம் பருத்தி ஏற்றிய வண்டி. கால் இடறியது. மூட்டை சரிந்து நடுத்தெருவில் விழுந்து அவிழ்ந்தது.

ஊரின் அழுக்கு முழுவதும் தெருவில் கிடந்தது. சொல்லக் கூசினாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்: பிள்ளை பெற்ற வீட்டுத் துணியும், வீட்டுக்குத் தூரமான பெண்களின் துணியும் அதில் இருந்தன. பாட்டு நின்றுவிட்டது. இரண்டு பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்தினார்கள். மூத்தவர் கையில் இருந்த குருத்தோலையின் மட்டையால் கழுதையின் முகத்தில் ஒரு அடி வைத்தார். அந்த அம்மாள் தரையில் உட்கார்ந்தபடி, முழங்கால் சிராய்ப்பைக்கூடப் பார்க்காமல், அந்தத் துணிகளை மட்டும் முதலில் எடுத்து மடியில் மறைக்கப் பார்த்தாள்.

என் மகன் கழுதையை விட்டு இறங்கினான். அவள் பக்கத்தில் முட்டி போட்டான். அங்கியின் கஞ்சி மடமடவென்று முறிகிற சத்தம் எனக்குக் கேட்டது. ஒவ்வொரு துணியாக எடுத்து உதறி, மூட்டைச் சேலைக்குள் வைத்தான்.

"ஏலே, எந்திரி" என்றார் மூத்தவர். "என்ன வேஷம் கட்டியிருக்கன்னு தெரியுதா?"

"தெரியுது பெரியப்பா. அதனாலதான் எறங்கினேன்."

அவர் அறைந்தார். கடைவீதியில், எல்லார் முன்னாலும். அந்தச் சத்தம் இன்றும் என் காதில் இருக்கிறது. வகுப்பில் ஒரு பிள்ளை புத்தகத்தைத் தொப்பென்று போட்டால்கூட எழுதுவதை நிறுத்தித் திரும்பிப் பார்க்கிறேன். பெற்றவளான நான் அவனை ஒருநாளும் கன்னத்தில் அடித்தது இல்லை.

அவன் மூட்டையை முடிச்சுப் போட்டான். ஒரு பக்கம் அவன், ஒரு பக்கம் அந்த அம்மாள், தூக்கிக் கழுதைமேல் வைத்தார்கள். அவன் உட்கார்ந்திருந்த அதே பட்டின்மேல். "வேண்டாம் தம்பி, என்னய ஊரவிட்டே வெரட்டிப்புடுவாவ" என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். அவன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கண்மாய்ப் பக்கம் நடந்தான். கழுதை ஒரு முரண்டும் பண்ணாமல் பின்னால் போனது.

மூத்தவர், "பாடுங்க! பாடுங்க!" என்று கத்தினார். ராஜா இல்லாத பவனி மறுபடி பாடிக்கொண்டு புறப்பட்டது. என் வகுப்பில் இருந்த ஒரு சின்னப் பெண் என் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"டீச்சர், ராஜா அந்தப் பக்கம்லா போறாவ. நாம எங்க போவணும்?"

கூட இருந்த டீச்சர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். கையில் குருத்தோலையோடு நான் மட்டும் தெருவில் நின்றேன். ஜவுளிக்கடை பாய் ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார்.

"உக்காருங்க டீச்சரம்மா. தண்ணி குடிங்க" என்றார். பிறகு, "இத்தன வருசமா இந்த ஊர்வலத்தப் பாக்கேன். கழுதமேல இருக்கது கல்யாண மாப்பிள்ளைன்னுல்லா நெனச்சுக்கிட்டிருந்தேன். இன்னைக்குத்தான் கடைப் பையன்ட்ட கேட்டேன். ராஜாவாமே?" என்றார்.

அழுகை முட்டிக்கொண்டிருந்த அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

மகன் சாயங்காலம் வீட்டுக்கு வந்தான். அங்கியைத் துவைத்து உலர்த்தி மடித்துக் கொண்டுவந்திருந்தான், கஞ்சி போடவில்லை. ஒரு கன்னம் இன்னும் சிவந்திருந்தது. கணவர் நாற்காலியில் உட்கார்ந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எதிலும் முன்னால் போய் நிற்கிற ஆள் இல்லை. "நீங்க தகப்பன்தான, ஒரு வார்த்த பேசப்படாதா?" என்று நான் சத்தம் போட்டேன்.

"கர்த்தர வளத்த யோசேப்பும் தகப்பன்தான். வேதத்துல அவருக்கு ஒரு வார்த்தகூடப் பேச்சு கெடையாது. நான் அவரு கட்சி" என்றார். ஆனால் எழுந்து போய், தேங்காய் எண்ணெய் எடுத்து வந்து மகன் கன்னத்தில் தடவினார்.

மறுநாளே பட்டப் பெயர் வந்துவிட்டது. அழுக்கு ராஜா. நான் பள்ளிக்கூடம் போகும்போது யாரோ வேலிக்குப் பின்னாலிருந்து, "அழுக்கு ராஜாவுக்கு ஓசன்னா!" என்று கத்தினார்கள். ஐயர் வீட்டுக்கு வந்தார். நல்லவர், ஆனால் கமிட்டிக்குப் பயந்தவர். காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே பேசினார்.

"டீச்சர், பெரிய வெள்ளி ஆராதனைல பையன் எந்திரிச்சு நின்னு மன்னிப்புக் கேட்டாப் போதும். ஒத்த வார்த்த. அன்னைக்கே சான்றிதழ்ல கையெழுத்துப் போட்டுருதேன். கேக்கலைன்னா என் கையில ஒண்ணும் இல்ல."

"அறஞ்சது அவியல்லா ஐயரே?"

"அவிய பெரியவிய. பையனுக்கு வாழ்க்க இருக்கு. யோசிங்க."

யோசித்தேன். வேறு என்ன செய்தேன்? சாக்கட்டிக்குப் பதிலாக அவன் கையில் பஞ்சு மூட்டையைக் கற்பனை செய்து பார்த்தேன். இருமலை நினைத்தேன். ஒரு வார்த்தைதானே, சொல்லிவிட்டால் என்ன என்று தோன்றியது. மகனிடம் கேட்டேன்.

"நீங்க சொன்னா கேக்கேம்மா" என்றான். "ஆனா எதுக்குன்னு நீங்களே எழுதிக் குடுங்க. நான் பாத்து வாசிக்கேன்."

மறுநாள் பள்ளியில் மத்தியான இடைவேளையில் பிள்ளைகள் சோறு தின்றுகொண்டிருந்தபோது, காகிதத்தை எடுத்து உட்கார்ந்தேன். இத்தனை வருஷமாகப் பிள்ளைகளுக்கு வாக்கியம் அமைக்கச் சொல்லிக் கொடுக்கிறவள் நான். 'கழுதையை விட்டு இறங்கியதற்காக' என்று எழுதினேன். அடித்தேன். 'கீழே விழுந்த பெண்ணுக்குத் துணி பொறுக்கிக் கொடுத்ததற்காக' என்று எழுதினேன். அதையும் அடித்தேன். 'அடி வாங்கியதற்காக' என்று எழுதி, அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மணி அடித்துவிட்டது. காகிதத்தைக் கிழித்துப் போட்டேன்.

புதன்கிழமை கமிட்டி கூடியது. பெண்கள் உள்ளே போகும் வழக்கம் இல்லை. நான் போனேன். மேசையைச் சுற்றி ஆறேழு பேர்; நடுவில் மூத்தவர்; ஓரத்தில் ஐயர். நாற்காலி இருந்தது, யாரும் உட்காரச் சொல்லவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"பையனக் கூட்டிட்டு வரலையா?" என்று மூத்தவர் கேட்டார்.

"இல்ல அண்ணாச்சி. மன்னிப்பு எதுக்குன்னு எழுதப் பாத்தேன். எனக்கு வரல. நீங்க சொல்லுங்க, எழுதிக்கிடுதேன்."

"இதுல எழுதுததுக்கு என்ன இருக்கு? சபைக்கு அவமானத்த உண்டாக்கினதுக்கு."

"எதுனால அவமானம்?"

"எதுனாலயா? தீட்டுத் துணிய நடுத்தெருவுல பொறுக்கினானே, அது அவமானமில்லையா? அவன் கட்டியிருந்த வேஷம் என்ன? அந்த மூட்டையத் தூக்கி ராஜா இருந்த பட்டுமேலல்லா வச்சான்! எங்க வீட்டுப் பட்டு! அத இனி யாரு தொடுவா?"

"அந்த மூட்டைல ஒங்க வீட்டுத் துணியும் இருந்துது அண்ணாச்சி" என்றேன்.

நான் கேலியாகச் சொல்லவில்லை. அவர் தெருவுக்கும் அவள்தான் வெளுக்கிறாள். ஐயர் வீட்டுக்கும் அவள்தான்.

"என் வீட்டுதும் இருந்துது" என்றேன். "இங்கன இருக்க எல்லாரு வீட்டுதும் இருந்துது. நம்ம அழுக்க அந்தப் பொம்பள தலைல ஏத்திட்டு, அவ கழுதைல நாம ராஜாவ ஏத்தினோம். அவன் அத மாத்தி வச்சான். அம்புட்டுத்தான். இதுக்கு எங்கன வருது மன்னிப்பு?"

"நீங்க வேதம் படிச்சவிய. கர்த்தர் கழுதைல வரலையா?"

"வந்தாரு. அந்தக் கழுதய அவுக்கும்போது சொந்தக்காரன் ஏன்னு கேட்டான். சீஷமாரு நின்னு பதில் சொன்னாவ. திருப்பி அனுப்புதோம்னும் சொன்னாவ. நாம யாருகிட்டயாவது என்னைக்காவது கேட்டோமா?"

ஐயர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூத்தவர் முகம் கறுத்துப் போனது. கோபத்தை அடக்கிக்கொண்டுதான் சொன்னார்: "டீச்சர், நான் அடிச்சிருக்கப்படாதுதான். அத விடுங்க. ஆனா இவன மாதிரி ஆளாளுக்கு நடுவுல எறங்கிப் போனா சபைன்னு ஒண்ணு நிக்குமா? கடைசியாக் கேக்கேன். பையன் மன்னிப்புக் கேப்பானா, மாட்டானா?"

வீட்டிலிருந்து புறப்படும்போது நான் கெஞ்சுவதற்குத்தான் போனேன். கையில் கைக்குட்டைகூட எடுத்துப் போயிருந்தேன். ஆனால் வாயில் வந்தது வேறு.

"மாட்டான். அவன் கேட்டாலும் நான் விட மாட்டேன்."

சான்றிதழ் வரவில்லை. பயிற்சிப் பள்ளி இடம் வேறு ஒருவனுக்குப் போனது. அந்தப் பையன் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவன் நன்றாக இருக்கட்டும். என் மகன் நாகலாபுரத்தில் ஒரு பஞ்சு அரவை ஆலையில் எடை போடுகிற வேலைக்குப் போனான். எதற்கு அவனை அனுப்பக் கூடாது என்று பயந்தேனோ, அதற்கே அனுப்பினேன். சனிக்கிழமை கடைசி பஸ்ஸில் வருவான். தலைமுடியிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டியிருக்கும். தெரு முனையில் அவன் இருமுவது வீட்டுக்குள் கேட்கும். கேட்டதும் எழுந்து சுக்கும் மிளகும் தட்டுவேன். தட்டும்போது, ஒரு வார்த்தைதானே என்ற எண்ணம் வரும். வந்துவிட்டுப் போகும். அந்த எண்ணம் வருவதை என்னால் நிறுத்த முடியவில்லை. ஆனால் அதற்கு நான் உட்கார இடம் கொடுத்ததில்லை.

கழுதையில் வந்தவரை ராஜா என்று நாங்கள் பாடுகிறோம். அவர் துண்டைக் கட்டிக்கொண்டு குனிந்து மற்றவர்கள் காலைக் கழுவினார் என்று பிள்ளைகளுக்குக் கதை சொல்லுகிறோம். என் பிள்ளையும் என் வாயால் அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவன்தான். கதையைக் கேட்டு நம்பியதைத் தவிர அவன் செய்த குற்றம் என்ன? கதை பொய்யென்றால் கமிட்டி அதைச் சொல்லட்டும், நான் சொல்லிக் கொடுப்பதை நிறுத்திக்கொள்கிறேன். மெய்யென்றால், அன்று கடைவீதியில் ராஜா வேஷத்தைச் சரியாகக் கட்டியவன் அவன் ஒருவன்தான். பெற்றவள் பேச்சு என்று தள்ளுகிறவர்கள் தள்ளட்டும்.

அடுத்த வருஷம் குருத்தோலை ஞாயிறு வந்தது. சனிக்கிழமை துணி எடுக்க வந்த அந்த அம்மாள், "இந்த வருசம் கழுதய யாரும் அவுக்க வரலையே டீச்சரம்மா, என்ன சங்கதி?" என்றாள். எனக்குச் சங்கதி தெரியும். கழுதையால் வந்த வம்பு வேண்டாம் என்று, கல்யாண ஊர்வலத்துக்கு விடுகிற குதிரையைக் கமிட்டி பேசி வைத்திருந்தது. தாழ்மையுள்ள ராஜாவுக்குக் குதிரை! எங்கள் சபையைத் தவிர வேறு யாருக்கும் இந்த யோசனை வராது.

காலையில் மணி அடித்தது. நான் குருத்தோலையை எடுத்துக்கொண்டேன். கணவர், கோயிலுக்குப் போகும் கோட்டை மாட்டிக்கொண்டார். மகன் விடியும் முன்பே எழுந்து போய்விட்டிருந்தான். எங்கே என்று எங்களுக்குத் தெரியும். தெரு முனைக்கு வந்ததும் கோயில் பக்கம் திரும்பாமல் கண்மாய்ப் பக்கம் திரும்பினேன். கணவர் ஒரு நிமிஷம் நின்றார். பிறகு, "யோசேப்பும் எகிப்துக்குப் பேசாமத்தான் நடந்தாரு" என்று சொல்லி என்னோடு வந்தார். எதிரே ஓய்வுநாள் பள்ளிக்கு ஓடிக்கொண்டிருந்த பிள்ளைகளில் அந்தச் சின்னப் பெண்ணும் இருந்தாள்.

"டீச்சர், எங்க போறிய? கோயிலு அந்தப் பக்கம்லா!"

"நீ போன வருசம் கேட்டியே, அதுக்குப் பதில் சொல்லப் போறேன்" என்றேன். அவளுக்கு அது ஞாபகம் இல்லை. சிரித்துவிட்டு ஓடினாள்.

கண்மாய் வெடித்துக் கிடந்தது. நடுக்கிடங்கில் மட்டும் தண்ணீர். என் மகன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கல்லில் துணி அடித்துக்கொண்டிருந்தான். அந்த அம்மாள் இடுப்பில் கை வைத்து நின்று, "துணிய அடிக்கச் சொன்னா கொசு அடிக்கியளே தம்பி! ஓங்கி அடிங்க, ஊர்மேல இருக்க கோவத்தயெல்லாம் அதுல போடுங்க" என்று ஏசிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் ஒரு ஜமுக்காளத்தை உதறிப் போட்டாள். கணவர் கோட்டோடு அதில் உட்கார்ந்தார். தூரத்தில் கோயிலிலிருந்து ஓசன்னா கேட்டது. நான் பாடலாமா என்று வாயைத் திறந்தேன். அதற்குள் கழுதை பின்னால் வந்து என் கையில் இருந்த குருத்தோலையைக் கடித்து இழுத்துத் தின்ன ஆரம்பித்துவிட்டது.

"அதுக்குப் பசிக்காத நேரமே கெடையாது" என்றாள் அவள். "விடுங்க, திங்கட்டும். அதுக்குத்தான கொண்டாந்திய?"

"அதுக்குத்தான்" என்றேன்.

குதிரையின் கதையை ஜவுளிக்கடை பாய் பிறகு சொன்னார். பாட்டுச் சத்தம் கேட்டதும் கல்யாண ஊர்வலம் என்று நினைத்து அது ஆட ஆரம்பித்ததாம். ராஜா அதன் கழுத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு போனானாம். "இந்தத் தடவ மெய்யாவே மாப்பிள்ளைதான்னு நெனச்சிட்டேன் டீச்சரம்மா" என்றார்.

அந்த வாரமே இனி எனக்கு ஓய்வுநாள் பள்ளி வகுப்பு கிடையாது என்று ஐயர் ஆள் அனுப்பிச் சொன்னார். சரி என்று சொல்லி அனுப்பினேன். கூடவே, கண்மாயிலிருந்து புறப்படும்போது அந்த அம்மாள் சொன்னதையும் சொல்லி அனுப்பினேன். "வாற வருசம் கழுத வேணும்னா தாரேன். ஆனா என் வாசல்ல வந்து, என்னய நிமிந்து பாத்துக் கேக்கணும். கேக்காம அவுத்தா ஊரக் கூட்டுவேன்" என்று சொல்லியிருந்தாள்.

அடுத்த குருத்தோலை ஞாயிறு நெருங்கிக்கொண்டிருக்கிறது. மகன் இருமலோடுதான் சனிக்கிழமைதோறும் வருகிறான். கமிட்டியிலிருந்து அவளுக்கு இன்னும் பதில் வரவில்லை.